படைத்தளத்தை ஒட்டி வளரும் ஊரில் பணம் எங்கிருந்து வருகிறது, வேலைக்கு யார் வருகிறார்கள்?

அமெரிக்காவில் பெரிய இராணுவத் தளத்தை ஒட்டி வேகமாக வளரும் ஊர்களில் வேலைவாய்ப்பு எப்படி இருக்கும், அங்கே தொழில் தொடங்குவதோ வீடு வாங்கி வாடகைக்கு விடுவதோ பாதுகாப்பானதா என்று கேட்டிருக்கிறீர்கள். டெக்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் ஹூட் தளத்தின் வாசலை ஒட்டியுள்ள கில்லீன் நகரில் சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதி, வரிப்படிவம் தயாரித்துக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகள் செய்தவன் என்பதால், அந்த ஊரை முன்வைத்தே பதில் சொல்கிறேன். என் கணிப்பு இதுதான்: தளம் ஊருக்குள் சம்பளப் பணத்தைத் தவறாமல் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆனால் சீருடையைக் கழற்றிய பிறகும் ஊரிலேயே தங்கிவிடுபவர்களுக்கும், பணியில் இருப்பவர்களின் கணவன் மனைவியருக்கும் அவர்களுடைய திறமைக்கு ஏற்ற வேலை ஊரில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அந்த ஊரின் வளம் அமைகிறது. மக்கள்தொகைப் பெருக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை.

கில்லீன் 1882 இல் ரயில்பாதை வந்தபோது உருவான சிற்றூர். சுற்றுவட்டார விவசாயிகளின் பருத்தியை ஏற்றியனுப்புவதே அதன் தொழிலாக இருந்தது. 1940 இல் அங்கே 1,300 பேர்கூட இல்லை. 1942 இல் டாங்கி எதிர்ப்புப் படைகளுக்குப் பயிற்சியளிக்க ‘கேம்ப் ஹூட்’ அமைக்கப்பட்டபோது விளைநிலத்தின் பெரும்பகுதியை அரசு எடுத்துக்கொண்டது. நிலத்தை இழந்த குடும்பங்கள் வெளியேறின, பருத்தித் தொழில் மறைந்தது. 1950 இல் அது நிரந்தரத் தளமாகி ‘ஃபோர்ட் ஹூட்’ ஆனது. (2023 இல் அதன் பெயர் ‘ஃபோர்ட் கவாஸோஸ்’ என்று மாற்றப்பட்டு, 2025 இல் ஹூட் என்ற பெயருடைய வேறொரு படைவீரரின் நினைவாக மறுபடியும் பழைய பெயருக்கே திரும்பியது, பெயர்ப்பலகை செய்பவர்களுக்கு அது நல்ல காலம்.) 2000 இல் சுமார் 87,000 ஆக இருந்த கில்லீனின் மக்கள்தொகை 2010 இல் 1,28,000 அளவுக்கு உயர்ந்து, 2020 கணக்கெடுப்பில் 1,53,000 ஐத் தாண்டியது. இடையில், 2009 இல், நான்காம் காலாட்படை டிவிஷன் கொலராடோவில் உள்ள ஃபோர்ட் கார்சனுக்கு இடம்பெயர்ந்திருந்தும் ஊர் சுருங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தளத்தில் உள்ள வீரர்களின் எண்ணிக்கையோடு மட்டும் இந்த வளர்ச்சி கட்டுண்டிருக்கவில்லை என்பதற்கு அது போதுமான சான்று.

பணம் வரும் வழியை முதலில் பார்ப்போம். படைவீரர்களுக்கு மாதம் இருமுறை, 1 ஆம் தேதியும் 15 ஆம் தேதியும் சம்பளம் வருகிறது. என்னிடம் கணக்குக் கொடுத்த கடைக்காரர்களின் விற்பனைப் பதிவேட்டை மேலோட்டமாகப் புரட்டினாலே அந்த இரண்டு தேதிகளும் தனியாகத் தெரியும். அடிப்படைச் சம்பளத்துக்கு மேல், தளத்துக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு வீட்டு வாடகைப்படி உண்டு. பதவி, குடும்பம் உண்டா இல்லையா, ஊர் ஆகிய மூன்றையும் வைத்துத் தீர்மானிக்கப்படும் இந்தப் படிக்கு வருமான வரி கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும் இந்தப் படியின் அட்டவணை முன்கூட்டியே வெளியிடப்படுவதால், எந்தப் பதவியில் உள்ளவர் எவ்வளவு வாடகை தர முடியும் என்பது வீட்டு உரிமையாளர் எல்லோருக்கும் தெரிந்த கணக்காகிவிடுகிறது. படி உயரும் ஆண்டில் வாடகையும் உயர்வது இயல்பு. அந்த உயர்வைப் படைவீரர் தாங்கிக்கொள்வார்; அதே தெருவில் குடியிருக்கும் மளிகைக்கடைக் காசாளரோ பள்ளிப் பேருந்து ஓட்டுநரோ தாங்க முடியாது. அவர்களுக்கு அப்படியொரு படி இல்லை.

வருகிற பணமெல்லாம் ஊருக்குள் சுற்றுவதும் இல்லை. தளத்துக்குள்ளேயே ‘பி.எக்ஸ்.’ என்று அழைக்கப்படும் பேரங்காடியும் ‘கமிஸரி’ என்னும் மளிகை அங்காடியும் இருக்கின்றன. பி.எக்ஸ். இல் வாங்கும் பொருளுக்கு விற்பனை வரி இல்லை. கமிஸரியிலும் விற்பனை வரி இல்லை, 5% கூடுதல் கட்டணம் உண்டு. வெளியே டெக்சாஸில், வரிவிலக்குள்ள பெரும்பாலான உணவு மளிகையைத் தவிர மற்றப் பொருட்களுக்கு, மாநில வரியும் உள்ளூர் வரியும் சேர்ந்து 8.25% வரை போகும். ஊர்க்கடைக்காரர் அந்த வித்தியாசத்தோடு போட்டியிட்டாக வேண்டும், நகராட்சியோ அந்த விற்பனையிலிருந்து எதுவும் பெறுவதில்லை. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் தளத்தின் நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது. அங்கே வாழும் குடும்பங்களின் குழந்தைகளோ கில்லீன் பள்ளி மாவட்டத்தின் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். இந்த இடைவெளியை நிரப்பவே 1950 முதல் ‘இம்பாக்ட் எய்டு’ என்னும் கூட்டாட்சி நிதியுதவி நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதன் அளவை வாஷிங்டனில் ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் தொகைதான் தீர்மானிக்கிறது, பள்ளி மாவட்டத்தின் தேவையன்று.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. பணியால் ஏற்பட்ட ஊனம் 100% என்று மதிப்பிடப்பட்ட முன்னாள் படைவீரருக்கு, அவர் குடியிருக்கும் வீட்டின் சொத்து வரியை டெக்சாஸ் 2009 முதல் முழுமையாகத் தள்ளுபடி செய்கிறது. சலுகையின் நியாயத்தை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் சட்டம் இயற்றியது மாநிலம்; வரியை இழப்பது நகராட்சியும் கவுன்டியும். முன்னாள் படைவீரர்கள் மாநிலம் முழுவதும் சமமாகப் பரவியிருந்தால் சுமையும் பரவியிருக்கும். அவர்களோ மருத்துவ வசதியும் பழகிய சூழலும் இருக்கிற தளத்தை ஒட்டிய ஊர்களில் குவிகிறார்கள். ஆகவே கில்லீன், காப்பரஸ் கோவ், ஹார்க்கர் ஹைட்ஸ் போன்ற ஊர்களில் புதிய வீடுகள் எழும்புகின்றன, சாலையும் குடிநீரும் காவலும் தேவைப்படுகின்றன. ஆனால் அந்த வீடுகளில் கணிசமானவை வரி தருவதில்லை. 2015 இல் மாநிலச் சட்டமன்றம் தளத்தை ஒட்டிய உள்ளாட்சிகளுக்கு ஈட்டுத்தொகை வழங்க வழிசெய்தது என்றாலும், அது இழப்பு முழுவதையும் ஈடுசெய்வதில்லை. ஊர் எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவு நெருக்கடி நகராட்சி வரவுசெலவுக்கு என்னும் விசித்திரமான நிலை இப்படித்தான் உண்டாகிறது.

அடுத்தது, ஆட்கள் திடீரென்று காணாமல் போகும் பிரச்சினை. 1990–91 வளைகுடாப் போரின்போதும், 2003 க்குப் பின் ஈராக் போர்க்காலத்திலும் ஃபோர்ட் ஹூட்டிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் புறப்பட்டுப் போனார்கள். 2007 இல் ஒரு முறை போர்க்களத்துக்கு அனுப்பப்படும் காலம் 15 மாதங்கள் வரை நீட்டிக்கப்பட்டது. வீரர் மட்டும் போவதில்லை. இளம் மனைவி கைக்குழந்தையோடு தன் பெற்றோர் வீட்டுக்குப் போய்விடுவதும் வழக்கம். முடிதிருத்தகம், உணவகம், கார் விற்பனை நிலையம், குழந்தைக் காப்பகம் ஆகியவை அதை உடனே உணரும். திரும்பி வரும்போது, மாதக்கணக்கில் சேர்ந்திருந்த சம்பளத்தோடு வருகிறார்கள். புதிய கார், மரச்சாமான், தொலைக்காட்சி என்று சில வாரங்களுக்கு விற்பனை சூடு பிடிக்கும். இப்போது பெரும்போர் இல்லாவிட்டாலும் கொரியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஒன்பது மாதச் சுழற்சியில் பிரிகேடுகள் (சில ஆயிரம் வீரர்கள் கொண்ட படைப்பிரிவுகள்) போய்வருகின்றன. ஆகவே அங்கே தொழில் செய்பவர் சராசரி மாத விற்பனையை வைத்துக் கடன் வாங்கக் கூடாது. மிக மோசமான காலாண்டை வைத்தே தவணையைக் கணக்கிட வேண்டும். வாடிக்கையாளர்களிடம் நான் ஓயாமல் வலியுறுத்தியது இது ஒன்றைத்தான்.

இளம் வீரர்களின் கையில் முதன்முதலாகப் புரளும் நிலையான சம்பளத்தைக் குறிவைக்கும் தொழில்களும் தளத்தின் வாசலில் மொய்ப்பதுண்டு. சம்பள நாள்வரை கடன் கொடுப்பவர்கள், அடகுக்கடைகள், அநியாய வட்டியில் கார் விற்பவர்கள் ஆகியோரே அவர்கள். 2006 இல் இயற்றப்பட்ட இராணுவக் கடன் சட்டம், பணியில் உள்ள வீரர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் கொடுக்கப்படும் பலவகைக் கடன்களுக்கு ஆண்டுக்கு 36% என்னும் உச்சவரம்பை விதித்தது. ஆனால் வாங்கும் காரையே ஈடாக வைத்து, அதை வாங்குவதற்காகக் கொடுக்கப்படும் கடன் அந்தச் சட்டத்துக்குள் வராது. அந்த விலக்கு எவ்வளவு பெரிய ஓட்டை என்பது, இருபது வயது வீரர் ஒருவரின் கார்க் கடன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி உழைப்பாளர்களைப் பற்றி. இந்த ஊர்களின் உண்மையான விசேஷம் இங்கேதான் இருக்கிறது, வீணாவதும் இங்கேதான். படைவீரர் குடும்பம் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாறுகிறது. செவிலியராகவோ ஆசிரியராகவோ சிகை அலங்காரக் கலைஞராகவோ இருக்கும் மனைவி ஒவ்வொரு மாநிலத்திலும் புதிய உரிமம் பெற வேண்டியிருந்தது. உரிமம் கைக்கு வருவதற்குள் அடுத்த மாறுதல் உத்தரவு வந்துவிடும். தன் விண்ணப்பத்தில் ஐந்து ஊர்களில் ஐந்து குறுகிய வேலைகளைக் காட்டும் ஒருவரை, அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், நிறுவனங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. பாதுகாப்புத் துறை நடத்திய கணக்கெடுப்புகளிலேயே படைவீரர்களின் வாழ்க்கைத்துணைவர்களிடையே வேலையின்மை 20 சதவீதத்துக்கு மேல் இருந்திருக்கிறது. 2021 இல் அது 21%. நாட்டின் பொதுவான வேலையின்மையைப் போலப் பல மடங்கு அது. மேலும், வேலை கிடைத்தவர்களில் பலர் தங்கள் படிப்புக்குக் கீழான வேலையில்தான் இருக்கிறார்கள் என்பது இந்த எண்ணில் அடங்குவதே இல்லை. முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவர் துணிக்கடைக் கல்லாவில் நிற்பதை இந்த ஊர்களில் யாரும் வியப்போடு பார்ப்பதில்லை.

இதற்குத் தீர்வுகள் வராமல் இல்லை. ஒரு மாநிலத்தில் பெற்ற தொழில் உரிமத்தை, மாறுதல் உத்தரவின்பேரில் வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும்போது அங்கும் செல்லுபடியாக்கும் கூட்டாட்சிச் சட்டத்திருத்தம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் தொடக்க வடிவில் வழக்குரைஞர் உரிமம் மட்டும் விலக்கப்பட்டிருந்தது. மறுபடியும் உரிமம் வாங்கும் செலவில் 1,000 டாலர் வரை படைத்துறையே திருப்பித் தருகிறது. குறைந்த பதவிகளில் உள்ளவர்களின் துணைவர்கள் சான்றிதழ்ப் படிப்புகளுக்கு 4,000 டாலர் வரை உதவித்தொகை பெறலாம். ஆயினும் உரிமமும் படிப்பும் கையில் இருந்தால் போதாது, குழந்தையை விட்டுவிட்டுப் போக இடம் வேண்டும். தளத்துக்குள் உள்ள குழந்தைக் காப்பகங்கள் தரமானவை, கட்டணமும் குடும்ப வருமானத்துக்கு ஏற்றது. ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம். பட்டியல் நீள்வதற்கு முதன்மையான காரணம் கட்டடப் பற்றாக்குறை அன்று, ஆள் பற்றாக்குறை. அங்கே வேலை செய்பவர்களில் பலர் படைவீரர்களின் மனைவியரே. அவர்களும் மாறுதலில் போய்விடுகிறார்கள், புதிதாக வருபவர் பின்னணிச் சோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டும். காப்பகத்தில் இடமில்லாததால் ஒருத்தி வேலைக்குப் போக முடியவில்லை, அவள் வேலைக்கு வராததால் காப்பகத்தில் இன்னொரு குழந்தைக்கு இடமில்லை. ஊரில் ஒரு தொழிற்சாலையைக் கொண்டுவரச் செலவழிக்கும் அக்கறையில் பாதியை இந்த முடிச்சை அவிழ்ப்பதில் காட்டினால் பலன் அதிகம் என்பது என் எண்ணம்.

இன்னொரு பெரும் கூட்டம், ஓய்வு பெற்றவர்கள். நம் ஊர்க் கணக்கில் ஓய்வுபெற்றவர் என்றதும் அறுபது வயதை நினைக்கிறோம். படையில் 20 ஆண்டுப் பணி முடித்தால் ஓய்வூதியம் உண்டு என்பதால், பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்தவர் நாற்பதைத் தொடும் முன்பே ஓய்வு பெறுகிறார். பழைய திட்டத்தின்படி அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாக வருகிறது, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் தொடர்கிறது. இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும் தெம்புள்ள, முப்பது நாற்பது பேரை நிர்வகித்துப் பழகிய மனிதர் இவர். முதலாளிகளுக்கு இது பெரும் அதிர்ஷ்டம், ஏனென்றால் இவருக்குக் காப்பீடு கொடுக்க வேண்டியதில்லை, ஓய்வூதியம் இருப்பதால் சற்றுக் குறைந்த சம்பளத்துக்கும் சம்மதிப்பார். ஆனால் அதே வேலைக்குப் போட்டியிடும், ஓய்வூதியம் இல்லாத உள்ளூர்வாசிக்கு இது பாதகம். ஒரு பக்கம் ஓய்வூதியக்காரர், மறுபக்கம் எந்த வேலையானாலும் ஏற்கத் தயாராக இருக்கும் படித்த துணைவர். இருவருக்கும் நடுவே சிக்கி ஊரின் பொதுவான ஊதியம் மேலெழாமல் கிடக்கிறது.

இருபது ஆண்டுகளை எட்டாமல், நான்கைந்து ஆண்டுகளில் வெளியேறுபவர்களே மிகுதி. நாடு முழுவதும் ஆண்டுதோறும் சுமார் இரண்டு லட்சம் பேர் படையை விட்டு வெளியேறுகிறார்கள். ‘ஸ்கில்பிரிட்ஜ்’ என்னும் திட்டத்தின்கீழ், மேலதிகாரி அனுமதித்தால், பணியின் கடைசி 180 நாட்களுக்குள் ஒரு தனியார் நிறுவனத்தில் பயிற்சி பெறலாம். சம்பளத்தைப் படைத்துறையே கொடுக்கும். ஹெலிகாப்டர் பராமரித்தவர், தகவல்தொடர்புக் கருவிகளைக் கையாண்டவர், மருத்துவ உதவியாளர் ஆகியோரின் அனுபவத்துக்கு வெளியில் நேரடியான மதிப்பு உண்டு. டாங்கிப் படையில் பீரங்கி இயக்கியவருக்கு அப்படியில்லை. ஃபோர்ட் ஹூட்டோ கவசப்படைகளின் தளம். அருகிலுள்ள சென்ட்ரல் டெக்சாஸ் கல்லூரியும், தளத்திலிருந்து பெற்ற நிலத்தில் எழுந்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம்–சென்ட்ரல் டெக்சாஸும் இவர்களில் பலரைப் படிக்க வைக்கின்றன. படித்து முடித்தவர் ஆஸ்டினுக்கோ டாலஸுக்கோ போய்விடுகிறார்.

இதற்கு நேர்மாறான உதாரணம் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில். 1950 இல் அதன் மக்கள்தொகை சுமார் 16,000. அவ்வாண்டு ராக்கெட் பொறியாளர் வெர்னர் ஃபான் பிரௌனின் ஏவுகணைக் குழு டெக்சாஸின் ஃபோர்ட் பிளிஸிலிருந்து அங்குள்ள ரெட்ஸ்டோன் ஆர்சனல் என்னும் இராணுவத் தளத்துக்கு மாற்றப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் ஊரின் ஓரத்தில் ஆராய்ச்சிப் பூங்கா ஒன்றும் உருவானது. 2020 கணக்கெடுப்பில் 2,15,000 பேரோடு அது மாநிலத்தின் மிகப்பெரிய நகரமாகிவிட்டது. ரெட்ஸ்டோனில் சீருடை அணிந்தவர்கள் மிகக் குறைவு. பொறியாளர்கள், கொள்முதல் அதிகாரிகள், ஒப்பந்த நிறுவன ஊழியர்கள் என்று குடிமைப் பணியாளர்களே நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறுதலில் போவதில்லை, போருக்கும் போவதில்லை, சம்பளமும் அதிகம். ஒருவர் வேலையை விட்டால் சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் நிறுவனத்தில் சேர்ந்துகொள்ளலாம். கில்லீனும் ஹன்ட்ஸ்வில்லும் இராணுவத்தை ஒட்டி வளர்ந்த ஊர்கள்தாம். ஆனால் படைவீரர் வாழும் தளமும் படைக்கலம் வடிவமைக்கும் தளமும் இரண்டு வேறு பொருளாதாரங்கள். உங்கள் கண்ணில் பட்டிருக்கும் ஊர் இவற்றில் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அரசு வேலை நிலையானது என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியன்று. 2013 இல் கட்டாயச் செலவுக்குறைப்பின்போது பாதுகாப்புத் துறையின் குடிமைப் பணியாளர்களில் பெரும்பாலோர் ஆறு நாட்கள் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2025 பிப்ரவரி இறுதியில் புதிய நியமனங்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் அரசு முடங்கியது. ஒப்பந்த வேலைகளில் வேறுவகை நிச்சயமின்மை: தளத்தின் வாகனப் பராமரிப்பையோ சமையற்கூடத்தையோ நடத்தும் நிறுவனம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏலத்தில் மாறும். பழைய ஊழியர்களையே புதிய நிறுவனமும் எடுத்துக்கொள்வது வழக்கம் என்றாலும், பணிமூப்பும் சலுகைகளும் அப்படியே தொடரும் என்று எண்ணிவிட வேண்டாம். தளமே மூடப்படுமோ என்ற அச்சம் 1988, 1991, 1993, 1995, 2005 ஆகிய ஆண்டுகளின் மூடல் சுற்றுகளில் நாடெங்கும் இருந்தது. மெய்ன் மாநிலத்தின் லைம்ஸ்டோனில் லோரிங் விமானப்படைத் தளம் 1994 இல் மூடப்பட்டபோது, வேறு பெருந்தொழில் இல்லாத அந்தச் சிற்றூர் தன் மக்களில் பெரும்பகுதியை இழந்தது. ஃபோர்ட் ஹூட் அளவுள்ள தளத்துக்கு அந்த ஆபத்து குறைவு என்றே நினைக்கிறேன். பிரிகேடு ஒன்று இடம் மாறுவதுதான் இங்கே நடக்கக்கூடியது.

வாடகை வீட்டைப் பொறுத்தவரை இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். முன்பணம் இல்லாமல் வீடு வாங்கும் கடன் வசதி படைவீரர்களுக்கு இருப்பதால், பலர் வந்ததும் வீடு வாங்கி, மாறுதலில் போகும்போது விற்காமல் வாடகைக்கு விட்டுச் செல்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது தவணைக்குப் போதுமான வாடகை மட்டுமே. லாபம் எதிர்பார்க்கும் நீங்கள் அவர்களோடுதான் போட்டியிட வேண்டும். அடுத்து, மாறுதல் உத்தரவோ 90 நாட்களுக்குக் குறையாத களப்பணி உத்தரவோ வந்தால், குடியிருப்பவர் ஒப்பந்தத்தை அபராதமின்றி முடித்துக்கொள்ளக் கூட்டாட்சிச் சட்டம் இடமளிக்கிறது. எழுத்தில் அறிவித்தபின் வரும் அடுத்த வாடகைத் தேதியிலிருந்து 30 நாட்களில் ஒப்பந்தம் முடிந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டும் நட்டம் வராது என்றால் வாங்குங்கள். தொழில் என்றால், கமிஸரியும் பி.எக்ஸ். உம் விற்காததைத் தேர்ந்தெடுப்பது நல்லது: வாகனப் பழுதுபார்ப்பு, பல் மருத்துவம், கணக்கு, மாலை நேரத்திலும் வார இறுதியிலும் இயங்கும் குழந்தைக் காப்பகம். கடைசியாகச் சொன்னதற்குத் தேவை குறைந்து நான் பார்த்ததில்லை. அதற்கு முதலீட்டைவிட முக்கியம், ஓரிரு ஆண்டுகளில் போய்விடக்கூடிய ஊழியர்களை வைத்துக்கொண்டே நடத்தத் தெரிந்திருப்பது.